பூதத்தின் பக்கத்தில் நின்றவர்

எனக்குப் பயந்த சுபாவம். பார்க்கிற வேலையும் அப்படிப்பட்டதுதான். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தையல் யூனிட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டும். போன் அடித்தாலே துணி சுருங்கிவிட்டதோ, கலர் மாறிவிட்டதோ என்று பதறிக்கொண்டே எடுப்பேன்.

எங்களுக்கு லேபிள் அடித்துத் தருகிற தம்பி ஒருத்தர் இருக்கிறார். ஞாயிறு மதியம் மிஷின்களை நிறுத்திய பிறகு அவருடைய யூனிட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். அவர் கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவோம். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கட்டிங் டேபிளில் பேட்டர்ன் பேப்பரை விரித்து, காடும் குகையும் வரைந்து வைத்திருப்பார். எங்கள் பாத்திரங்களுக்கு அடையாளம் சட்டைப் பட்டன்கள்.

கதையில் என் கணவர் வைத்தியர். உடுமலைப்பேட்டையில் காற்றாலை பழுது பார்க்கிற பெண் ஒருத்தி வருவாள், அவள் வில்லாளி. நான் மட்டும் பூதம் கேட்டேன். எதற்கும் பயப்படாத ஒன்றாக அந்த மதியம் மட்டுமாவது இருந்து பார்க்க ஆசை.

"பூதம்னா எதுத்து நிக்கற பக்கமுங்க்கா," என்று தம்பி தயங்கினார். "சரி, போட்டுப் பாப்போம்."

முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம். கதவை உடைத்தேன், கொள்ளைக்காரர்களைத் தூக்கி எறிந்தேன், ஒரு கீறல்கூட விழவில்லை. வில்லாளிப் பெண்ணின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"நான் அம்பை எடுக்கறதுக்குள்ள எல்லாமே முடிஞ்சு போகுதுங்க. இதுக்கு நான் எதுக்குங்க உடுமலையிலிருந்து பஸ் ஏறி வரணும்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஒருத்தி கையில் எல்லா பலமும் இருந்தால் மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? பலத்தைக் குறைத்தால் அது பூதமாக இருக்காது என்று தம்பி ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு விதி கொண்டுவந்தார். பூதம் முழு பலத்தையும் காட்டினால் அதற்குப் பசி வரும். உடனே நான் பகடை உருட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் மேல் பாயும்.

பூதத்தின் காயத்துக்கு மருந்து போட வேண்டியவர் வைத்தியர். அதனால் என் பெரிய கறுப்பு கோட் பட்டனை ஒட்டியே என் கணவரின் வெள்ளை பட்டன் இருக்கும்.

அடுத்த ஞாயிறு பாறை ஒன்று வழியை அடைத்தது. முழு பலத்தோடு புரட்டினேன். பகடையை உருட்டினேன். ஒன்று.

"பக்கத்துல யாருங்க நிக்கறாங்க?" என்றார் தம்பி. அவருக்கும் தெரியும்.

"நீங்களே சொல்லோணுமுங்க்கா. பூதம் என்ன பண்ணுது?"

"கையை... நீட்டுது," என்றேன்.

"நீட்டி?"

அதற்கு மேல் நான் சொன்னதை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த என் கணவர், "கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி," என்றார்.

வைத்தியர் பிழைக்கவில்லை.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் தோளில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மிணி, வெளையாட்டுதானே. விடு," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அந்த வாரம் காய் நறுக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றாலும் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும்.

மறு ஞாயிறு அங்கே போனதும் தம்பியிடம் சொன்னேன்: "எனக்கு வேண்டாம். சாதாரண மனுசியா மாத்திக் குடுங்க."

வில்லாளிப் பெண்தான் குறுக்கே வந்தாள். "அய்யோ, இப்பத்தானுங்க நல்லாருக்குது. அன்னிக்கு நான் ஒரு கயித்தைப் போட்டு உங்களை இழுத்துப் புடிச்சிருக்கலாமுங்க. அதுக்கு விதியில எடமே இல்லீங்களே."

தம்பி அவளைப் பார்த்தார். பேப்பரின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார். "செரி. யாராச்சும் தன்னோட முறையை விட்டுக் குடுத்தா பூதத்தைப் புடிக்கலாம். அக்கா இன்னொருக்கா உருட்டலாம்."

வைத்தியர் செத்துவிட்டதால் என் கணவருக்கு இப்போது புதுப் பாத்திரம், பறை அடிக்கிறவன். அவனுக்கும் கொஞ்சம் மூலிகை தெரியும். பட்டனை மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "புதுசா வந்தவன், பயப்படுவானில்ல?" என்றார். சிரித்துத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குகைக்குள் பூதத்துக்குப் பலமான காயம் பட்டது. மருந்து இல்லாவிட்டால் அது விழுந்துவிடும். ஓநாய்க் கூட்டமோ நெருங்கிவிட்டது. என் கணவர் தன் பட்டனை நகர்த்தி என் பட்டனோடு ஒட்டி வைத்தார்.

"வேண்டாமுங்க," என்றேன்.

"உருட்டு."

முழு பலத்தோடு ஓநாய்களை அடித்துவிட்டு உருட்டினேன். இரண்டு.

"நான் புடிக்கறேன்!" என்றாள் அந்தப் பெண். மிச்சமிருந்த ஓநாய் ஒன்று அவளுக்கு எதிரிலேயே நின்றது. அம்பு விடும் முறையை விட்டுவிட்டுக் கயிற்றை வீசினாள். ஓநாய் அவள் காலைக் கவ்வியது.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் உருட்டினேன். கணவர்தான் எண்ணைச் சொன்னார். "நாலு." என் உள்ளங்கை வியர்வையில் பேப்பரில் வரைந்த குகை வாசல் கலைந்து போயிருந்தது.

இப்போதும் பூதமாகத்தான் விளையாடுகிறேன். பயமும் போகவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு காற்றாலையில் அவசர வேலை என்று அந்தப் பெண் வரவில்லை. என் பக்கத்தில் நிற்பவர் கணவர்; என்னைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. நாங்கள் காவல் நின்ற பாலத்தில் எதிரிகள் ஏறினார்கள். தம்பி ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். நான் பகடையைத் தொடவில்லை.

"ஓடறோமுங்க," என்றேன்.

என் கணவர் தன் பட்டனை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். தம்பி பென்சிலை எடுத்து, பாலம் எங்கள் கைவிட்டுப் போனதென்று அதன் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.