தண்ணீர் உள்ளே, சொட்டு வெளியே

எல்லோரும் படகைத் தண்ணீரில் விட்டு ஓட்டை தேடினால், படகுப் பட்டறை வைத்திருக்கும் இவர் தண்ணீரைப் படகில் விட்டுத் தேடுவார். அலுமினியப் படகைக் கட்டைகள் மேல் ஏற்றுவார், உள்ளே குழாயைத் திறந்துவிடுவார், அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொள்வார். சொட்டுகிற இடத்தில் மார்க்கரால் ஒரு வட்டம். அதனால் படகுத்துறையில் அவருக்குத் தலைகீழார் என்று பெயர். அவர் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. மச்சான் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடலில் மீன் பிடிப்பவர். மூன்று வருடத்துக்கு முன் தலைகீழார் அவர் படகுக்குப் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளைப் புதிதாக அடித்துக் கொடுத்தார். சில மாதத்தில் படகுக்குள் கணுக்கால் தண்ணீர். "மாப்ள கை வெச்ச இடம் ஒழுகுது" என்று துறை முழுக்கச் சொல்லிவிட்டு, தங்கை வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார் மச்சான். தங்கை அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் சாப்பிடுகிற கையை நிறுத்துவாள்.

தார் பூசியும் தண்ணீர் இறைத்தும் ஓட்டிப் பார்த்தார் மச்சான். மற்ற பட்டறைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் படகு மட்டும் வண்டியேறித் தலைகீழாரிடம் வந்தது, மச்சான் வரவில்லை.

"இந்தத் தடவையாவது சரியா பண்ணிடுங்க" என்றாள் மனைவி. "அண்ணன் நம்ம வீட்டுக்கு வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தலைகீழார் படுத்துப் பார்த்தார். அவர் அடித்த ரிவெட்டுகளில் ஈரம்கூட இல்லை. சொட்டு பின்பக்கத்திலிருந்து வந்தது. தாரைச் சுரண்டினால், ஐஸ் பெட்டி நகராமலிருக்க அடித்தகட்டைத் துளைத்து யாரோ முடுக்கிய இரும்பு போல்ட். யாரோ என்ன யாரோ, மச்சானேதான். உப்புத் தண்ணீரில் இரும்பை அலுமினியத்தோடு சேர்த்துவைத்தால் அலுமினியம்தான் கரையும். சுற்றிலும் அப்பளமாக நொறுங்கியிருந்தது.

போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு துறைக்குக் கிளம்பினார். ஊரைக் கூட்டிக் காட்டுகிற வேகம். பட்டறை வாசலில் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, அரித்த இடத்தை வெட்டியெடுத்து, பசை தடவி, ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடித்தார். மறுபடி தண்ணீர் நிரப்பிப் படுத்தார். ஒரு சொட்டு விழவில்லை.

படகை எடுக்க மச்சானே வந்தார். "என்ன கோளாறு மாப்ள?"

"பழைய ரிவெட்தான் மச்சான். என் தப்பு."

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

அன்று மச்சான் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க மாப்ள" என்று ஒவ்வொரு முறை சோறு வாங்கும்போதும் மன்னித்தார். நன்றாகப் பசித்திருந்தார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். தலைகீழார் எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்தவள் தட்டுகளை அடுக்கினாள்.

"அந்த ஐஸ் பெட்டி போல்ட்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் படகுக்குள்ள முடுக்கும்போது கீழ போல்ட்டைப் புடிச்சிட்டு இருந்ததே நான்தானே."

மூன்று வருடத்துக் கோபமும் மொத்தமாக வெளியே வந்தது. "அப்ப ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"கோவம்னா ஒரு நாள் ஆறிடும். சொல்லியிருந்தா அண்ணன் வெக்கத்துல இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டாரு" என்றாள், தட்டுகளைத் தூக்கிக்கொண்டே. "நீங்க எங்க போயிடப் போறீங்க?"