திங்கட்கிழமைக் கட்டில்

என் மகளின் அறைக்குள் போக இரண்டு கதவுகள். முதலாவதைத் திறந்து உள்ளே போனால், அது முழுதாக மூடும்வரை நிற்க வேண்டும். அது மூடினால்தான் மற்றது திறக்கும். நடுவில் கையை விரிக்க முடியாத அளவு இடம், அதில் கைகழுவ ஒரு தொட்டி. மணிக்கூட்டைக் கழற்றி, முழங்கைவரை கழுவி, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டித்தான் சொந்தப் பிள்ளையிடம் போகலாம். ஊரில் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்போம். ஆளுக்கொரு வாய் கஞ்சி பருக்குவோம்.

வதனாவுக்கு ஐந்து வயது. இரத்தத்தில் புற்றுநோய். மருந்து ஏற்றிய பிறகு சாதாரணச் சளித் தடிமனே அவளைக் கொண்டுபோய்விடும் என்றார்கள். ஒரு ஆள்தான் கூட இருக்கலாம். மனைவி கைக்குழந்தையோடு வீட்டில். பின்னேரங்களில் அவள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே ரோட்டில் வந்து நிற்பாள். நாங்கள் நாலாம் மாடியிலிருந்து கை காட்டுவோம். யன்னல் திறக்காது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெல்லாவெளி வட்டைகளில் வெள்ளாமை வெட்டியிருக்கிறேன், களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மூட்டை தூக்கியிருக்கிறேன், கட்டாரில் கம்பி கட்டியிருக்கிறேன். கடைசியில் குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு சுவிஸுக்கு வந்தேன். ஒரு வேலையில் ஆறு மாதம் நின்றதில்லை. அப்படிப்பட்டவன் அந்த அறையில் நாற்பத்தொரு நாள் இருந்தேன். கட்டிலிலிருந்து யன்னலுக்கு ஐந்து எட்டு, யன்னலிலிருந்து கதவுக்கு ஆறு எட்டு.

வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த மாதம் அது. பெற்றோருக்கான சமையலறைத் தொலைக்காட்சியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணலையும், அதில் நெருக்கி அடித்த தறப்பாள் கூடாரங்களையும் காட்டினார்கள். எங்கள் ஊர்க்காரன் ரஞ்சன் போன் எடுத்தான்.

"என்னடா, ஆர்ப்பாட்டமெண்டு சனமெல்லாம் ரோட்டில நிக்குது, உன்னக் காணல்ல?"

"நான் கதவுக்குள்ள நிக்கன்."

"உன்ன ஒரு இடத்தில இருக்க வெச்ச முதல் ஆள் உன்ர மகள்தான்டா" என்றான். பிறகு அவனே குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

ஒரு புதன்கிழமை டொக்டர் வந்தார், இளம் பெண். மொழிபெயர்ப்புக்குத் தொலைபேசியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அண்ணை, வெள்ளிக்கிழமை பிள்ளையை வீட்டை கொண்டுபோகட்டாம்."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தின நாளெண்டு கேளுங்க, தங்கச்சி."

"மூண்டு நாளாம்."

டொக்டர் மூன்று விரல்களைக் காட்டிச் சிரித்தார். இந்த நாட்டில் எதைச் சொன்னாலும் சிரித்துத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

வதனாவுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், சுதன். சுனாமி அன்று அவனுக்கு ஆறு வயது. கடல் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விட்டது. பதினொரு நாள் வார்ட்டில் கிடந்தான். பன்னிரண்டாம் நாள் டொக்டர் என் தோளில் கையை வைத்து, "வீட்ட கொண்டு போங்க தம்பி. ரெண்டு மூண்டு நாள் உங்களோட இரிக்கட்டும்" என்றார். வார்ட்டில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். பக்கத்துக் கட்டில் தாய் அழத் தொடங்கினாள். நாங்கள் வாசலுக்குப் போகுமுன்னே சுதனின் கட்டிலில் இன்னொரு பிள்ளையைக் கிடத்தினார்கள். பிழை சொல்ல முடியாது, நிலத்திலும் பிள்ளைகள் கிடந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், வீடுதான் இல்லை. மாங்கேணியில் எங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. பள்ளிக்கூட முற்றத்துத் தறப்பாளுக்குத் தூக்கிப் போனோம். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

மனைவிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஸ்வெஸ்டர், இங்கே தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வதனாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கினார். அவர் வெளியே போனதும் நான் எடுத்து அலுமாரியில் வைத்தேன். அவர் திரும்பி வந்து அடுக்கினார். நான் திரும்பவும் எடுத்து வைத்தேன்.

"அப்பா, நாம வீட்ட போறல்லையா?"

"போவம் மகள். இப்ப இல்ல."

"அம்மா சொல்லுவா, உங்கட காலில சில்லு பூட்டியிரிக்காம். இப்ப ஏன் போகமாட்டீங்களாம்?"

டொக்டர் வந்தார். தொலைபேசியில் அதே பிள்ளை. "ஏன் அண்ணை மாட்டனெண்டுறியள்? மற்றத் தகப்பன்மார் எப்ப விடுவியள் எண்டெல்லோ கேக்கிறவை."

வதனாவுக்குக் கேட்காமல் கதவடிக்குப் போனேன். "தங்கச்சி, சாகப்போற புள்ளைய இன்னொருக்கா என்னால தூக்கிப் போகேலா. வேற மருந்து இரிக்கா எண்டு கேளுங்க."

"ஆர் அண்ணை சொன்னது சாகுமெண்டு?"

"நீங்கதான். மூண்டு நாளெண்டு."

பிறகு அவள் டொக்டரோடு நீளமாகப் பேசினாள். டொக்டரின் சிரிப்பு நின்றது. கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணை, வெள்ளி, சனி, ஞாயிறு. மூண்டு நாள் லீவு. பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி திரும்ப வந்திட்டுதாம். திங்கள் காலமை கொண்டு வரட்டாம், அடுத்த மருந்து தொடங்கோணுமாம்."

நான் நம்பவில்லை. இரண்டு கிழமையில் வீட்டுக்குத் திரும்பலாம் என்று சொல்லி எங்களை எத்தனையோ முகாம்களில் வைத்திருக்கிறார்கள். "இந்தக் கட்டில்ல வேற புள்ளையப் போடுவாங்களா?" என்று கேட்டேன். ஸ்வெஸ்டர் வெளியே போய் ஒரு மட்டையில் வதனாவின் பெயரை எழுதிக்கொண்டு வந்து கட்டில் காலடியில் தொங்கவிட்டார். வதனாவின் கரடிப்பொம்மையை வாங்கித் தலையணையில் படுக்கவைத்து, போர்வையால் மூடினார். என்னைப் பார்த்து, "மோன்டாக்" என்றார். திங்கட்கிழமை. அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

ஞாயிறு மத்தியானம் வீட்டில் மனைவி புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். நான் சாப்பிடாமல் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுதன் போன நேரம் வந்தது, கடந்தது. வதனா கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். அதற்குப் பிறகுதான் நானும் புட்டில் கை வைத்தேன்.

திங்கள் காலை முதலாவது கதவு எங்களுக்குப் பின்னால் மூடியது. மற்றக் கதவின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம், கரடி போர்வைக்குள் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமைகளோ, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். எந்த ஊர் என்று இங்கே யாராவது கேட்டால் எனக்கு அந்த இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள இடம்தான் நினைவுக்கு வருகிறது. மாங்கேணி மணலுக்குள் ஒரு பிள்ளை. நாலாம் மாடியில் பெயர் எழுதிய கட்டிலில் ஒரு பிள்ளை. ஒரு கதவு மூடிவிட்டது, மற்றது இன்னும் திறக்கவில்லை. அன்று நான் நடுவில் நின்று, விரலில் இருந்த மீன்குழம்பு வாசத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.