ஊட்டிய கை மேல் விழுந்த பழி

கண்ணை மூடினால் அந்தச் சட்டைதான் முதலில் வருகிறது. மஞ்சள் பூப்போட்ட, தோளில் நிற்காமல் நழுவும் சின்னச் சட்டை. சங்கரன்கோவிலில் அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் மாமியார் அதைத் தூக்கிப் பிடித்து, மூன்று வயதுப் பேரனின் விலா எலும்பைக் காட்டுவார். "பாருங்க, நாங்க என்ன பஞ்சத்துலயா கெடக்கோம்? வயலும் நெல்லுமா இருக்கு. இவ கை அப்படி. கரிசக்காட்டுக் கை." அடுப்படியில் நிற்கும் அக்காவின் காதில் விழும்படிதான் சொல்வார்.

நாங்கள் இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டு மானாவாரிக்காரர்கள். மழை வந்தால் விளைச்சல், வராவிட்டால் வானம். நஞ்சைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்று அக்காவை ஊரே மெச்சியது. அந்த வீட்டில்தான் அவள் பெற்ற பிள்ளை வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, ஓயாமல் வயிற்றால் போய்க்கொண்டிருந்தான்.

நோய்ப்பட்ட பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் நம் ஊரில் என்ன வாங்கிப் போவார்கள்? ரொட்டி, ரஸ்க். அரிசியில் என்ன சத்து இருக்கிறது, கோதுமைக் கஞ்சி கொடு என்பார்கள். அன்பு பொட்டலம் பொட்டலமாக அந்த வீட்டுக்குள் வந்தது. பிள்ளை மெலிய மெலியக் கோதுமை கூடியது. கோதுமை கூடக் கூடப் பிள்ளை மெலிந்தான். அக்கா ஊட்டினாள், துடைத்தாள், மறுபடி ஊட்டினாள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவன் வயிற்றில் பூசினாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ஏட்டி, நீ தின்ன மிச்சந்தான் பிள்ளைக்கா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு கோடைக்கு அக்கா பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களிடம் ரொட்டி ஏது? கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, மோர். கோடை முடிவதற்குள் அவன் கன்னத்தில் சதை பிடித்தது. நாயைத் துரத்திக்கொண்டு ஓடினான். நியாயம் என்று ஒன்று இருந்தால் அக்கா அன்றே தப்பித்திருக்க வேண்டும். திரும்பிப் போய் அவன் மறுபடி மெலிந்ததும் அந்தக் கன்னமே அவளுக்கு எதிரான சாட்சியானது.

"அம்மா வீட்டுல மட்டும் தேறுதான்னா என்ன அர்த்தம்? இங்கன வேணும்னே பட்டினி போடுதா. பிள்ளை எங்ககிட்ட கெடக்கட்டும், அவ அங்கனயே போயி இருக்கட்டும்" என்றார் மாமியார்.

அத்தான் தலைநிமிராமல் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினாள். அவளைப் பார்க்க வந்திருந்த நானும் போனேன். விடாமல் மாமியாரும் வந்தார். சோதனைகள் முடிந்து குழந்தை மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: சிலருக்கு மரபணு பிறவியிலேயே ஒருவிதமாக அமைந்துவிடும், அவர்களில் சிலரின் குடலைக் கோதுமை புண்ணாக்கும், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. கோதுமையை அடியோடு நிறுத்தச் சொன்னார்.

மாமியார் சளைக்கவில்லை. "அப்ப இவ வம்சத்துக் கோளாறு. நான் அன்னைக்கே சொன்னம்லா?" அதுவரை கையில் இருந்த குற்றம் ஒரே மூச்சில் ரத்தத்துக்கு ஏறிவிட்டது.

பெற்றவர்கள் இருவரையும் சோதித்தார்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்கு அதே நோய் இருந்தது.

மாமியார் அழுதார். "எம்பிள்ளைக்குச் சின்னதுலருந்தே வயிறு சேராதே. பிறவிக்கூறு, பாவம், அவன் என்ன செய்வான்?"

மகன் உடம்பில் இருந்தால் பிறவிக்கூறு. மருமகள் தலையில் இருந்தவரை குற்றம். எல்லா மெலிவுக்கும் மரபணுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சோறே இல்லாமல் மெலிந்த பிள்ளைகள் எங்கள் காட்டில் உண்டு. அவர்களை 'வம்சம் அப்படி' என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் மேலும் எனக்கு இதே கோபம்தான். பசியோ, ரத்தமோ, கோதுமையோ, எதுவாயினும் முதலில் பெற்றவளைக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தானே பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறோம்?

"பழச மனசுல வச்சுக்காத தாயி" என்றார் மாமியார்.

"வைக்கல அத்தை" என்றாள் அக்கா. "எந்தெந்த வீட்டுல என்னையப் பத்திச் சொன்னியளோ, அங்கன போயி, அவ மேல குத்தமில்லன்னு சொல்லிட்டு வாங்க. அது போதும்."

பிள்ளை இன்று தாயைவிட உயரம்; கல்லூரிக்குப் போகிறான். மாமியார் பூ வாங்க, பால் வாங்க, கோயிலுக்குப் போக, தினமும் அந்தத் தெருவில்தான் நடக்கிறார். சின்னத் தெருதான். ஒரு வீட்டுப் படியிலும் அவர் இன்னும் ஏறவில்லை.