காரணம்: நடவுக்குப் போனேன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு முன் வந்து நின்ற தாய் அழவில்லை. அழுதிருந்தால் வழக்கம்போல நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். மகளின் டி.சி. வேண்டும் என்று மட்டும் கேட்டார். மகள் மலர்க்கொடி, எங்கள் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு. வியாழக்கிழமை பருவத் தேர்வு. அவளுக்கு மட்டும் ஹால் டிக்கெட் வரவில்லை. வராமல் செய்தவன் நான்.

சபையாரே, இதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளர்வரை உயர்ந்தவன் நான். மாணவர் பிரிவு முழுவதும் என் கையில் இருந்தது. விதி தெரிந்தவர் என்று பெயர். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. அந்தப் பெயருக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

வருகை நாள் குறைந்த மாணவர்கள் தேர்வு எழுத வேண்டுமானால் விலக்கு மனு கொடுக்க வேண்டும். காரணம் எழுதி மருத்துவச் சான்று வைக்க வேண்டும். ஐப்பசியில் எங்கள் பக்கம் தாளடி நடவு. பிள்ளைகளில் பாதிப்பேர் வயலில்தான் இருப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனுவில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. ஒரே டாக்டர், ஒரே கையெழுத்து. "என்ன சார், டெல்டா முழுக்க மஞ்சளாப் போச்சா?" என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்வார். சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவேன்.

மலர்க்கொடி மட்டும் 'அம்மாவோடு நடவுக்குப் போனேன்' என்று எழுதிக் கொடுத்தாள். இது செல்லாது, மற்றவர்களைப்போல ஒரு சான்று வாங்கி வா என்றேன். "எனக்குக் காய்ச்சல் வரலைங்க சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது திமிராகப் பட்டது. 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன்.

டி.சி. எதற்கு என்று தாயிடம் கேட்டேன். மறுநாள் காலை திருப்பூர் மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் வருகிறது, மகள் அதில் போகிறாள் என்றார். பிறகு, கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில் சொன்னார்: "பொய் சொல்லக் கூடாதுன்னு நான்தாங்க வளத்தேன். காலேஜுக்கு அது ஒத்துவராதுன்னு எனக்குத் தெரியலைங்க."

என் கை படிவத்தின் மேலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் ஆகும், தகவல் சொல்கிறேன் என்று போன் எண்ணை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினேன். பழைய விடைத்தாள் கட்டுகள் கிடக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி முழங்காலிட்டேன். பதவி உயர்வுக்காக ஜெபித்திருக்கிறேன். இடமாற்றம் வரக் கூடாது என்று ஜெபித்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி ஜெபித்ததில்லை. அன்று சொன்னேன். "ஆண்டவரே, மலர்க்கொடி பரீட்சை எழுதணும். என்னை என்ன செஞ்சாலும் சரி." எழுந்தபோது செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். பொய்ச் சான்றுகளைப் பொய் என்று தெரிந்தே ஏற்றேன், உண்மை எழுதிய ஒரே மாணவியை நிராகரித்தேன், தவறு என்னுடையது என்று எழுதினேன். முதல்வர் படித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கே ஆபத்துங்க. யோசிச்சுக்குங்க" என்றார். போட்டேன்.

புதன்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் இருந்தேன். தேர்வுப் பிரிவு அதிகாரி கண்டிப்புக்குப் பேர்போன அம்மையார். அவர் மேசையிலிருந்து திரும்பி வந்த மனுக்களை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். நேரம் கடந்துவிட்டது, தேர்வுப் பட்டியலை மூடியாயிற்று என்றுதான் முதலில் சொன்னார். பிறகு கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நானும் நடவு நட்ட பொண்ணுதாங்க. பாபநாசம் பக்கம். நான் காய்ச்சல்னு எழுதிக் குடுத்துத்தான் பரீட்சை எழுதினேன். இந்தப் பொண்ணு எழுதலையே."

கடிதத்தோடு அவரே எழுந்து மேலதிகாரி அறைக்குப் போனார். எத்தனை மேசைகள் இருக்கும் கட்டடம் அது! அந்த ஒரு நாற்காலியில் அந்த ஒருவரை உட்கார வைத்தது யார்? மதியத்துக்குள் ஹால் டிக்கெட் என் கையில் இருந்தது.

அப்போதுதான் வேன் நினைவுக்கு வந்தது. தாய்க்குப் போன் செய்தேன். "போகலைங்க. எடுத்த நடவ முடிச்சுட்டுத்தான் வருவேன்னு வேனைத் திருப்பி அனுப்பிட்டா" என்றார். பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

மாலையில் வரப்பில் நின்று கூப்பிட்டேன். முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள், வாங்கவில்லை. "கையெல்லாம் சேறு சார். நீங்களே வச்சிருங்க, காலையில வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். தேர்வு எழுதினாள். பட்டமும் வாங்கினாள்.

விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. கைக்கு எட்டியிருந்த உதவிப் பதிவாளர் பதவி போயிற்று. நானே கேட்டு, யாரும் விரும்பாத மாணவர் உதவி மேசைக்கு மாறினேன். கடைசி ஆறு வருடம் அங்கேதான். நடவு நாளுக்கு முன்பே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசி, விட்ட பாடத்துக்கு மாலை வகுப்பு ஏற்பாடு செய்தோம். காரணத்தை உள்ளபடி எழுதச் சொன்னோம். நான் வேலை பார்த்தேன் என்றால் அந்த ஆறு வருடம்தான். அதற்கு முன் உயர்ந்துகொண்டிருந்தேன், அவ்வளவே.

ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, மலர்க்கொடிக்கு முன்பும் உண்மை எழுதி என்னிடம் தோற்ற நான்கு பேர் இருந்தார்கள். வீடு வீடாகத் தேடிப் போனேன். இருவரை அஞ்சல்வழிப் படிப்பில் சேர்க்க முடிந்தது. ஒருத்தி எங்கே போனாள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. நான்காமவர் வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறார். "இப்ப வந்து என்னங்க செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கேட்டது நியாயம்.

அந்த இரண்டு பெயர்களையும் தினமும் சொல்லி ஜெபிக்கிறேன். இதுவரை பதில் இல்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்த மாட்டேன். மூடிய பட்டியலை ஒரு மதியத்துக்குள் திறந்தவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்களில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இருப்பீர்கள். முன்னால் கிடக்கும் தாளில் ஒரு பெயர் இருக்கும். நாளைக் காலை முத்திரையை எடுக்குமுன் அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பதில் தருவார். உங்களிடமே ஏதாவது கேட்டாலும் கேட்பார். பயப்படாமல் கொடுத்துவிடுங்கள்.