கோயம்புத்தூர் பெண் பேசிய ஆரணித் தமிழ்

கேள்வி-பதில் தளம் ஒன்றில் நான் பட்டுப் புடவை பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஜரிகை அசலா என்று எப்படிப் பார்ப்பது, மடிப்பில் கிழியாமல் எப்படி வைப்பது என்று யாராவது கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். என் பெயருக்குக் கீழே எங்கள் ஆரணிக் கடையின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். வாங்க வாருங்கள் என்று ஒருநாளும் எழுதியதில்லை. அதனாலேயே நம்பினார்கள்.

என் கொழுந்தனுக்கு அது பொறுக்கவில்லை. இணையத்தில் கடையைப் பிரபலப்படுத்துவது எப்படி என்று எங்கோ வகுப்புக்குப் போய்வந்திருந்தான்.

"இன்னா அண்ணி, சும்மா பாடம் எடுத்துகினு இருந்தா எவன் கடைக்கு வருவான்? கேள்வியும் நாமளே கேக்கணும், பதிலும் நாமளே சொல்லணும்."

"அதுக்குப் பேரு பித்தலாட்டம்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா?

கோயம்புத்தூர்ப் பெண்ணாக வேடம் கட்டி எழுதினான். "தங்கச்சி கல்யாணத்துக்கு நல்ல பட்டுப் புடவை தேடிகினு இருக்கனுங்க. ஒரே பேஜாரா கீதுங்க. ஆரணில எந்தக் கடைங்க நல்லா இருக்கும்?" எங்கள் ஊர் 'கினு', 'கீது' எல்லாம் அப்படியே இருக்க, வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' ஒட்டினால் கோயம்புத்தூர் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறான், அறிவுகெட்டவன். அடியிலேயே மதுரை வாத்தியாராக வந்து, "நாங்க வருஷக்கணக்கா அங்கதான் வாங்கிகினு இருக்கோம்" என்று எங்கள் கடைப் பெயரைச் சொல்லியிருந்தான்.

விடுவார்களா? "கோயம்புத்தூர்ல எந்தத் தெருவுல தேடிகினு இருக்கீங்க?" என்று ஒருவர் ஆரம்பிக்க, மானம் கப்பலேறியது. அதே கடைப் பெயர் என் பெயருக்குக் கீழேயும் இருந்ததால் தளத்தார் என் கணக்கையும் மூடி, எழுதிய பதில்கள் அத்தனையையும் தூக்கிவிட்டார்கள். அவனோ, "பேரு நாலு பேருக்குத் தெரிஞ்சுதா இல்லியா?" என்றான். கையில் இருந்த முழக்கோலால் நாலு போடலாமா என்று வந்தது.

அதோடு போயிருந்தால்கூட ஆறியிருப்பேன். சில வாரம் கழித்து ஒரு பெண் அங்கே கேட்டிருந்தாள். "அம்மாவோட கல்யாணப் புடவைங்க. நனைஞ்சிடுச்சி. கரைச் சாயம் புடவை உடம்புல எறங்கிகினே கீது. இன்னா பண்றது?" படத்தையும் போட்டிருந்தாள். அரக்குக் கரை, மஞ்சள் உடம்பு. எங்கள் ஊரை ஒட்டிய சேவூர்ப் பக்கத்துப் பெண்ணாக இருக்கலாம். எங்கள் பேச்சு அது, அவ்வளவுதான்.

"வந்துட்டாருய்யா ஆரணிக் கடைக்காரரு!" என்று கூட்டம் கூடிச் சிரித்தது. ஒருவர் மட்டும் உப்புப் போட்ட வெந்நீரில் முக்கச் சொல்லியிருந்தார்.

வெந்நீரா! மிச்சச் சாயமும் இறங்கிவிடுமே. பதறிப்போய்ப் புதுக் கணக்குத் தொடங்கி எழுதினேன்: வெந்நீர் வேண்டாம், ஈரத்தோடு மடிக்கவும் வேண்டாம், வெள்ளைத் துணியால் ஒற்றி நிழலில் விரியுங்கள். "கேட்டதும் நீ, பதிலும் நீயா?" என்று அதற்கும் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக அந்தப் பெண் எழுதியிருந்தாள். "நான் எந்தக் கடையும் இல்லீங்க. வெந்நீர் சொன்னவருக்கு ரொம்ப நன்றிங்க. தண்ணிய அடுப்புல வச்சிட்டேன்."