ஆறாம் கட்டில்காரரின் தோல்வார்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் சுவரோரம் போய் நிற்கிறவன் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான்; படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்ல எனக்கு ஒருவரும் அமையவில்லை.

எழுபதுகளில் நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் சிற்றூழியன். கல்யாணம் செய்யவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். அங்கே என்னோடு கதைத்தது அது ஒன்றுதான். வாட்டில் நான் அதிகம் கதைத்தது நினைவிழந்து கிடப்பவர்களோடு. அவர்கள் திருப்பி ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வயலுக்குப் பூச்சி எண்ணெய் அடிக்கும் காலம் வந்தால் கிழமைக்கு ஒருவராவது நஞ்சேறி வருவார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, தோலுக்கடியில் புழு ஓடுவதுபோல் தசை துடிக்கும். அத்ரோபின் ஊசி நுரையையும் வியர்வையையும் நிறுத்தும். துடிக்கும் தசைக்கு அது உதவாது. அதற்கென்று ஒரு புது மருந்து கொழும்பிலிருந்து வந்திருந்தது. ஒரு சின்னப் பெட்டி மட்டும். இது வேலை செய்தால்தான் மேலும் கேட்டு எழுதலாம் என்று எங்கள் டொக்டர் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்து இளைஞர். ஒவ்வொரு நோயாளியையும் ஒரு கொப்பியில் எழுதுவார்.

கண்ணின் கருமணியைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. நஞ்சு கூடினால் அது சுருங்கும், குறைந்தால் விரியும். அளவுகோல் எனக்குச் சரிவரவில்லை. கடுகு, மிளகு, குண்டுமணி என்று எழுதினேன். டொக்டர் சிரித்துவிட்டு, "இதுவே காணும்" என்றார்.

ஒரு நாள் காலை மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். முதுகில் மாட்டிய எண்ணெய் டாங்கி ஒழுகி, இடுப்புக்குக் கீழே தோய்ந்திருந்தது. ஆறாம் கட்டில். உடுப்பை அகற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார் டொக்டர். அவர் உடுத்திருந்த சாரத்தை வெட்டி எறிந்தேன். இடுப்பில் அகலமான தோல்வார், பைகள் வைத்துத் தைத்தது. அதைக் கழற்றிக் கட்டில் காலில் தொங்கவிட்டு, அவர் உடம்பைக் கழுவினேன்.

மறைப்புக்கு அப்பால் நின்ற மனைவி கண்டுவிட்டார்.

"தம்பி, அந்த வாரக் கட்டி விடுங்க. அது இல்லாட்டி அவருக்கு இடுப்புல உசிர் நிக்காது."

கூட வந்த, நோயாளியின் தம்பிக்காரர், அந்த நிலையிலும், "மதினி சொல்றது சரிதான். நிக்காஹ் அண்டும் நானா மாலையை மறந்தவர், வாரை மறக்கல்ல" என்றார்.

மனைவி அழுதுகொண்டே சிரித்தார். ஒரு பெண்ணிடம் ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சாரத்தின் மேல் வாரைக் கட்டிவிட்டேன்.

அத்ரோபினோடு புது மருந்தையும் ஏற்றியதும் கடுகாக இருந்த கருமணி மிளகளவாகியது, துடிப்பும் அடங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு மறுபடி கடுகு; வியர்வையும் துடிப்பும் திரும்பின. இரண்டாம் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் மிளகு, பிறகும் கடுகு. மூச்சு இழுத்தது.

"இந்த மருந்து ஒண்டுக்கும் உதவாது போலை கிடக்கு," என்று டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டுப் போனார்.

எச்சில் துடைக்கக் குனிந்தபோதுதான் உள்ளிப்பூண்டு வாடை அடித்தது. அந்தப் பூச்சி எண்ணெயின் வாடை. கழுவிய உடம்பில் அது எப்படி வரும்? வாரில் மூக்கை வைத்தேன். வாரின் தோல் குடித்து வைத்திருந்த எண்ணெயை அவருடைய வியர்வை திரும்ப இளக்கிக்கொண்டிருந்தது.

வாரைக் கழற்றி வெளியே வைத்தேன். இடுப்பை மூன்று முறை கழுவினேன். 

வெயில் தாழும்போது கருமணி மிளகில் நின்றது. டொக்டர் வந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"ரெண்டாவது ஊசி பிந்தித்தான் பிடிச்சிருக்கு. எழுதினதை மாத்த வேணும்."

பேசாமல் இருந்திருக்கலாம். வேலை தப்பும், ஆளும் தப்பிவிட்டார். ஆனால் நாளைக்கு இன்னொருவர் வருவார். இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் அவருக்கு ஊசி போடுவார்கள். சாமான் அறைக்குள் போய் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு டொக்டருடைய மேசையடிக்குப் போனேன்.

"ஐயா, நான் பிழை விட்டிட்டன். வாரைக் கழட்டினனான். ஆளைக் கழுவிப்போட்டு அதைத் திரும்பக் கட்டி விட்டனான்."

டொக்டர் கொப்பியைத் திரும்ப விரித்தார்.

"அப்ப நாங்கள் ஒரு பக்கத்தாலை மருந்து குடுக்க, மற்றப் பக்கத்தாலை நஞ்சு போய்க்கொண்டு இருந்திருக்கு."

"ஓம் ஐயா."

"கடுகு மிளகெல்லாம் எழுதினனீர். வாரை ஏன் எழுதேல்லை?"

அவர் அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே வெட்டினார்.

"இவரைக் கணக்கிலை சேர்க்கேலாது. மருந்து நல்லதோ கூடாதோ, எங்களுக்குத் தெரியாது. பெட்டியிலை இன்னும் நாலு இருக்கு. அடுத்த ஆளிலை பாப்பம்."

ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அறைக்குப் போய் வெளிச்சம் போடாமல் இருந்தேன். அன்று கப்பலும் ஊதவில்லை.

அடுத்த நாள் ஆறாம் கட்டில்காரர் கஞ்சி குடித்தார். வாரை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். சாரத்தை இறுக்கிக் கட்ட அவருக்கு மூன்று முழம் பண்டேச் துணி கொடுத்தேன்.