மேடையில் உட்கார வைத்த நடுவர்

போன வருடம் மொரப்பூர் பக்கம் நடந்த ஒரு கால்பந்துப் போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். சொந்த ஊர், போகாமல் இருக்க முடியுமா? நான் சர்வதேச நடுவர். ஏழெட்டு நாடுகளில் விசில் ஊதியிருக்கிறேன். ஊரில் மட்டும் ஒரு ஆட்டம்கூட நடத்தியதில்லை. நடத்திவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். நினைவுப்பரிசாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க நிற விசில் ஒன்று கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து, இறுதி ஆட்டத்து நடுவர் சேலத்தில் ரயிலைத் தவறவிட்டுவிட்டதாகப் போன் வந்தது. நான் சட்டென்று எழுந்துவிட்டேன். பூட்ஸ் பையிலேயே இருந்தது. விமானத்தில் பெட்டி தொலைந்தாலும் ஆட்டம் நிற்கக் கூடாது என்று அதைக் கையோடு கொண்டுபோய்ப் பழகிவிட்டேன். டவுன் பஸ்ஸில் ஏறினாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

“நான் நடத்தறேங்கண்ணா” என்றேன், விழாக் குழுச் செயலாளரிடம்.

அவர் சிரித்தார். “நீ உக்காரு பாப்பா. ஆம்பளைங்க ஆடற ஆட்டம், கெட்ட வார்த்தை பேசுவானுங்க. உனக்கெதுக்கு?”

முப்பத்தாறு வயது பாப்பா! புரியாத மொழிகளில் எல்லாம் அரங்கமே திட்ட, அசையாமல் நின்றவள் நான். தமிழில் திட்டினால் மட்டும் கரைந்து போய்விடுவேனா? வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். எதிரில் அம்மா உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். செயலாளரின் தம்பி விசிலோடு களத்தில் இறங்கினார்.

இரண்டாம் பாதியில், கோப்பை கொடுக்கும் புரவலரின் கார் வந்து நின்றது. எங்கள் பக்கம் புரவலர் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று அவரிடம் கை குலுக்க வேண்டும். செயலாளர் மைக்கில், “ஆட்டத்த நிறுத்துங்கப்பா, அய்யா வந்துட்டாரு!” என்றார். கோல்கீப்பர் காரைப் பார்த்துக் கும்பிட்டார். எதிரணிக்காரர் பந்தை வலைக்குள் தள்ளினார். தம்பி விசில் ஊதவே இல்லை.

கோல் என்று ஒரு பக்கம், இல்லை என்று மறுபக்கம். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி நடுவில் நின்று முழித்தார். செயலாளர் மைக்கை என்னிடம் நீட்டினார். “நீயே சொல்லிடு பாப்பா. நீ சொன்னா கேட்டுக்குவாங்க.”

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது. என் தீர்ப்பு வேண்டுமாம், நான் வேண்டாமாம்.

“மேடையில உக்காந்துட்டு தீர்ப்பு சொல்றதில்லீங்க. ஆட்டத்தக் குடுங்க, சொல்றேன்.”

அவர் புரவலர் முகத்தைப் பார்த்தார். இரண்டு கேப்டன்களும், “அக்காவே நடத்தட்டுங்க” என்றார்கள். மேடையிலேயே பூட்ஸைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மைக் குரல் குறுக்கே வந்து ஆட்டத்தைக் கெடுத்ததால் அந்தக் கோல் செல்லாது என்றேன். மறுபடி தொடங்குவதற்கு முன் மைக்கை அணைக்கச் சொன்னேன். மீதி ஆட்டம் ஒழுங்காக நடந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் பாக்கெட்டில் சிவப்புக் கார்டு இருந்தது.

நன்றியுரையில் செயலாளர், “நம்மூரு பாப்பா இன்னைக்கு ஒரு ஒத்தாசை பண்ணுச்சு” என்றார். ஒத்தாசையாம்!

இந்த வருட அழைப்பிதழ் நேற்று வந்தது. சிறப்பு விருந்தினர் என்ற இடத்தில் என் பெயர், பெரிய எழுத்தில், போட்டோவோடு. நடுவர் என்ற இடத்தில் செயலாளரின் தம்பி பெயர்.